பிடித்து வைத்த விளக்கு

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. அங்கே ஃபேன் சத்தத்தில் பாதிதான் காதில் விழும், பாதி கேட்டால் இந்தக் கதை கோபத்தை மட்டும் கொடுக்கும், சங்கதியைக் கொடுக்காது. கையில் இருக்கிற போனைக் கீழே வைக்க வேண்டாம், இருக்கட்டும். ஒரு வியாழக்கிழமை காலையில், ஒன்பது மணியிலிருந்து ஒன்பதே முக்கால் வரைக்கும், உலகம்மாள் என்கிற ஒருத்தி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வெளியே இருந்து பார்த்தால் நடந்தது அவ்வளவுதான். ஆறாம் மாடி, கண்ணாடிச் சுவர், கீழே பழைய மகாபலிபுரம் சாலையில் வண்டிகள் நகராமல் நிற்கின்றன. மேஜை நடுவில் ஒரு மூங்கில் தட்டு, அதில் எட்டுப் பேருடைய போனும் குப்புறக் கிடக்கிறது. கூட்டம் முடிகிற வரைக்கும் யாரும் போனைத் தொடக் கூடாது என்பது அந்தக் குழுவின் வழக்கம், கவனம் சிதறுமாம். ஊரில் உள்ள அத்தனை பேர் போனையும் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சிணுங்க வைக்கலாம் என்று யோசிப்பதற்கென்றே வேலைக்கு வைத்திருக்கிற எட்டுப் பேர், தங்கள் போன் மட்டும் சிணுங்கக் கூடாது என்று தட்டில் போட்டு வைக்கிறார்கள். இதை நினைத்துப் போன வாரம் உலகம்மாள் தனக்குள் சிரித்தாள். இந்த வாரம் சிரிப்பு வரவில்லை. அவள் போன் தட்டின் அடியில், பக்கத்து நாற்காலி மெர்லினுடைய பூப்போட்ட உறைக்குக் கீழே கிடக்கிறது. அதற்குள்ளே அவள் அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன விளக்கு இன்றைக்கு எரியவில்லை.

அந்த விளக்குதான் இந்தக் கம்பெனியின் சரக்கே. ஆப்புக்குப் பேர் 'நல்லாருக்கேன்'. ஊரில் தனியாக இருக்கிற அம்மாவோ அப்பாவோ காலையில் எழுந்ததும் போனில் தோசைக்கல் மாதிரி வட்டமாக, பச்சையாக இருக்கிற ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்கினால் எங்கேயோ இருக்கிற பிள்ளையின் போனில் விளக்கு எரியும். பேச வேண்டாம், எழுத வேண்டாம். தென்காசியில் இதைப் போட்டுக் கொடுத்த அன்றைக்கு அவளைப் பெற்ற முப்பிடாதியம்மாள், அறுபத்தேழு வயசு, பள்ளிக்கூடச் சத்துணவு அண்டாவை இருபத்தெட்டு வருஷம் கிண்டின கை, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு சொன்னாள்: "ஏட்டி, அப்ப என்னைக்கு அமுக்கலையோ அன்னைக்கு நான் போயிட்டேன்னு வச்சுக்கிடு. ஆள் விட்டுச் சொல்ல வேண்டாம்லா." ரெண்டு பேரும் சிரித்தார்கள். நித்தமும் ஏழு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது எரிந்துவிடும். பல் விளக்குவதற்கு முன்னால் அமுக்குவாள், அமுக்கிவிட்டு போனை ஃபிரிட்ஜுக்கு மேலே வைப்பாள், அப்புறம் மத்தியானம்தான் அதைத் தொடுவாள். இன்றைக்கு ஏழுக்கு எரியவில்லை. ஏழரைக்கு எரியவில்லை. எட்டேகாலுக்கு ஆபீஸ் வேனில் இருந்து கூப்பிட்டாள், எட்டரைக்குக் கூப்பிட்டாள், ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது லிஃப்ட் வாசலில் நின்று கூப்பிட்டாள். அடிக்கிறது, அடித்து ஓய்கிறது. எங்கே அடிக்கிறது? ஃபிரிட்ஜுக்கு மேலே அடிக்கிறதா, கட்டிலுக்குப் பக்கத்தில் அடிக்கிறதா? ஃபிரிட்ஜுக்கு மேலே என்றால் அம்மா எழுந்திருக்கிறாள், அமுக்க மறந்திருக்கிறாள், மாடியிலோ பால்கடையிலோ நிற்கிறாள். கட்டிலுக்குப் பக்கத்தில் என்றால். அதற்கு மேல் அந்த நினைப்பு போகாது. பாதியில் திரும்பி வந்து மறுபடி ஃபிரிட்ஜுக்கு மேலே ஏறிக்கொள்ளும்.

"உலா, போன்," என்று தட்டை நீட்டினவன் ஸ்ரீவத்சன், குழுவின் தலைவன். நாற்பது ஆகவில்லை, வெள்ளை ஷூ, யாரையும் அதட்ட மாட்டான், எல்லாரையும் மக்களே மக்களே என்பான். உலகம்மாள் என்று முழுசாகச் சொல்ல அவனுக்கு நேரமில்லை, அவள் சேர்ந்த அன்றைக்கே பேரில் பாதியை வெட்டிவிட்டான். "ரெண்டு நிமிஷம் வத்சன், எங்கம்மா போனை எடுக்கலை." "எடுப்பாங்க உலா. அம்மாங்க எல்லாம் அப்படித்தான். எங்கம்மா சீரியல் பார்த்துட்டிருந்தா வீட்டுக்குள்ள யானை வந்தாக்கூடத் திரும்ப மாட்டாங்க." எல்லாரும் சிரித்தார்கள், தட்டு அவள் முன்னால் நின்றது, அவள் வைத்துவிட்டாள். ஏன் வைத்தாள்? கை தானாகப் போய் வைத்தது. முப்பத்து மூன்று வயசுக் கை, அம்மா செத்தாளா பிழைத்தாளா என்று தெரியாத நேரத்தில், வெள்ளை ஷூ போட்டவன் சிரித்துக்கொண்டே கேட்டான் என்பதற்காகப் போனைக் கொடுத்துவிட்டது. அவன் அதட்டியிருந்தால் கொடுத்திருக்க மாட்டாள். இவர்கள் அதட்டுவதில்லை, அதுதான் இவர்கள் தந்திரம், எதையும் பிடுங்க மாட்டார்கள், நாமே கொடுக்கும்படி தட்டை நீட்டுவார்கள். பக்கத்தில் இருந்த மெர்லின், படம் வரைகிற பெண், மார்த்தாண்டத்துக்காரி, மேஜைக்குக் கீழே அவள் முழங்காலைத் தொட்டு, "எக்கா, என்னாச்சு? முகம் என்ன இப்படி இருக்கு?" என்றாள். "ஒண்ணுமில்லை." ஒன்றுமில்லை என்று சொல்லிப் பழகின வாய்.

சுவரில் பெரிய டிவி. அதில் ஒரே ஒரு எண், வேறு எதுவும் இல்லை. ஒரு நாளைக்கு ஒரு ஆள் ஆப்பை எத்தனை தடவை திறக்கிறார் என்கிற எண். நீ இருக்கிற குரோத் டீம் என்றால் என்ன வேலை என்று அம்மா ஒரு தடவை கேட்டாள். இந்த எண்ணைத் தூக்குகிற வேலை என்று இவள் சொன்னாள். "தூக்கி?" என்றாள் அம்மா. தூக்கி என்ன, மறுநாள் இன்னும் மேலே தூக்க வேண்டும். ஆப் ஆரம்பித்தபோது அந்த எண் ஒன்று. காலையில் விளக்கு எரிந்ததா, ஒரு தடவை திறந்து பார்ப்பார்கள், மனசு குளிர்ந்துவிடும், மூடிவிடுவார்கள். அதுதான் வத்சனுக்குப் பிரச்சினை. மனசு குளிர்ந்தவன் மறுபடி திறக்க மாட்டான். ஆவணி மாதக் கூட்டத்தில் அவன் வெள்ளைப் பலகையில் எழுதினான்: நிம்மதிதான் நம் எதிரி. தமாஷுக்குத்தான் எழுதினான், எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், அந்தச் சிரிப்பையும் இப்போது எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். அதற்கப்புறம்தான் அந்தச் சோதனை வந்தது. பாதி வீடுகளுக்கு அம்மா அமுக்கின உடனே விளக்கு எரியும். மீதிப் பாதிக்கு, அம்மா அமுக்கின சேதியை இருபது நிமிஷம் இங்கேயே பிடித்து வைத்துவிட்டு அப்புறம் விளக்கை எரிய விடுவார்கள். அந்த இருபது நிமிஷத்தில் பிள்ளை எத்தனை தடவை திறந்து பார்க்கிறான்? மூன்று தடவை பார்த்தான். நாற்பது நிமிஷம் பிடித்தார்கள். ஐந்து தடவை பார்த்தான். பொய் சொல்லவில்லையே மக்களே, கொஞ்சம் லேட்டாச் சொல்றோம், அவ்வளவுதானே, என்றான் வத்சன். அவளும் தலையை ஆட்டினாள். அவள் வீட்டு விளக்கு ஒரு நாளும் தாமதமாக எரிந்ததில்லை. அதனால் அந்தச் சோதனை வேறு யாருடைய வீட்டிலோ நடக்கிற காரியம் என்று இருந்துவிட்டாள்.

"முதல்ல உலாவுக்கு ஒரு கைதட்டல்," என்றான் வத்சன், டிவியில் ஒரு வாசகம் வந்தது, அவளுடைய வாசகம். ஆப்பில் வருகிற தமிழ் வரிகள் எல்லாம் அவள் எழுதுகிறவைதான், அதற்குத்தான் அவளை எடுத்தார்கள். ஒன்பதரைக்கும் விளக்கு எரியவில்லை என்றால் பிள்ளைக்கு ஒரு வரி போக வேண்டும், படித்ததும் கை திறக்க வேண்டும், அப்படி ஒன்று கொடுங்கள் என்று கேட்டார்கள். மூன்று எழுதினாள். 'இன்று அம்மா நலம் சொல்லவில்லை' என்று ஒன்று. 'அம்மாவை விசாரித்தீர்களா?' என்று ஒன்று. மூன்றாவது, 'அம்மா இன்னும் எழுந்திருக்கலையோ?' மூன்றாவதுதான் ஜெயித்தது, மற்ற ரெண்டும் பக்கத்தில்கூட வரவில்லை. "எங்கிருந்து பிடிச்சீங்க உலா இந்த லைனை? தங்கம்!" என்று அன்றைக்கு வத்சன் கேட்டான், அவள் சும்மா தோணுச்சு என்றாள். தோன்றவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், மதுரையில் ஹாஸ்டலில் இருந்தபோது, ஒரு காலையில் பக்கத்து வீட்டு செண்பகத்தக்கா போன் பண்ணினாள். முதல் நாள் ராத்திரி அம்மா சித்தி வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தாள், வீட்டில் அப்பா மட்டும். செண்பகத்தக்கா சுற்றி வளைத்தாள், சாப்பிட்டியா என்றாள், மழை உண்டுமா என்றாள், அப்புறம் குரலை இறக்கி, "ஒங்கப்பா இன்னும் எந்திரிக்கலையேட்டி" என்றாள். அந்த இன்னும். எழுந்திருப்பார் என்கிற ஆசையையும் இனிமேல் எழுந்திருக்க மாட்டார் என்கிற சேதியையும் ஒரே சொல்லில் வைத்துக் கையில் கொடுத்துவிட்டாள் அந்தப் பொம்பளை, பதறாமல் இருக்கட்டும் என்று. அந்தச் சொல்லை, செண்பகத்தக்கா மனசு நொந்து பொறுக்கி எடுத்த சொல்லை, இவள் ஒன்பது வருஷம் உள்ளே வைத்திருந்து, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், காபி குடித்துக்கொண்டே, வத்சனுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டாள். அப்பனை வெட்டிக் கூறு போட்டு விற்றால்கூட இவ்வளவு அசிங்கம் இல்லை. கைதட்டுகிறார்கள். ஏழு பேரும் கைதட்டுகிறார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் என்றால். இல்லை, ஃபிரிட்ஜுக்கு மேலே. செண்பகத்தக்கா இப்போது மகனோடு சுரண்டைக்குப் போய்விட்டாள், அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. இன்றைக்கு அம்மா எழுந்திருக்கவில்லை என்றால் போன் பண்ண யாரும் இல்லை. அந்த ஆப்தான் இருக்கிறது.

அடுத்து எழுந்தவன் தௌபீக், எண்களைப் பார்க்கிறவன், காயல்பட்டினத்துப் பையன், நல்ல பையன், யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் கஞ்சி வாங்கிக்கொண்டு வந்து நிற்பான். இங்கே எல்லாரும் நல்லவர்கள், அதுதான் ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று தெரியவில்லை. அவன் சொன்னான்: "நாற்பது நிமிஷத்துக்கு அப்புறமும் கோடு ஏறிக்கிட்டேதான் இருந்துச்சு. அதனால திங்கக்கிழமை கொஞ்ச வீட்டுக்கு மட்டும் நூத்தம்பது நிமிஷம் வச்சுப் பார்த்தேன். அதில ஒரு சின்னத் தப்பு நடந்து போச்சு. நேரத்தை மாத்தின உடனே, ஏற்கெனவே எரிஞ்சுட்டிருந்த விளக்கெல்லாம் அணைஞ்சு போச்சு, ஏன்னா அவங்க அமுக்கி நூத்தம்பது நிமிஷம் ஆகலையே. அணைஞ்ச உடனே உலா அக்காவோட லைனும் போயிருச்சு." ஐயோ என்று மெர்லின் வாயைப் பொத்தினாள். "இல்ல மெர்லின், கேளுங்க. எரிஞ்சு அணைஞ்சவங்கதான் எல்லாரையும் விட அதிகமாத் திறந்திருக்காங்க. ஒம்பது தடவை!" வத்சன் நாற்காலியில் நிமிர்ந்தான். "புகார் வந்துச்சா?" "ஒண்ணுதான். ஒரு கவர்மென்ட் பஸ் டிரைவர். உளுந்தூர்ப்பேட்டை கிட்ட பஸ்ஸை ஓரங்கட்டிட்டு அம்மாவுக்குப் போன் பண்ணினாராம், அம்பது பயணிங்க கத்தினாங்களாம்." வத்சன் சிரித்தான். "பஸ்ஸையே நிறுத்தி ஆப்பைத் திறந்திருக்காருன்னா, மக்களே, இதைவிடப் பிரியமான யூசர் நமக்கு எங்க கிடைப்பாங்க?" அம்பது பேரை முதுகில் வைத்துக்கொண்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு நம்பரைத் தேடுகிற ஒரு மனுஷனை உலகம்மாள் பார்த்தாள். காக்கிச் சட்டையின் முதுகு நனைந்திருந்தது. அவனுடைய அம்மா அந்நேரம் எங்கேயோ இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்திருப்பாள், நான்தான் அமுக்கிட்டேனே என்ற தெம்பில். அவள் அமுக்கினாள், அவள் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டாள், அந்தச் சொல் இந்த ஆறாம் மாடியில், இந்த ஏசியில், இவர்கள் கையில் கிடந்தது.

"நல்லா வேலை செஞ்சதால இன்னைக்குக் காலைல ஆறு மணியிலேர்ந்து பாதி வீட்டுக்குத் திறந்துட்டேன். புதுசாக் குலுக்கிப் போட்டு, நூத்தம்பது நிமிஷம்," என்றான் தௌபீக். உலகம்மாள் டிவியிலிருந்து அவன் பக்கம் திரும்பினாள். இன்றைக்குக் காலையிலிருந்து. குலுக்கிப் போட்டு. அப்படியென்றால் அம்மா அமுக்கியிருக்கலாம். பாதிக்குப் பாதி. கம்பெனி ஆட்களுடைய போனை எந்தச் சோதனையிலும் சேர்க்க மாட்டார்கள், தாங்களே திறந்து திறந்து பார்த்து எண்ணைக் கெடுத்துவிடுவார்கள் என்று 'நம்ம ஆட்கள்' என்று தனி வரிசை வைத்து ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த வரிசையில் இருப்பது ஆபீஸ் கொடுத்த நம்பர், அவளும் அம்மாவும் ஆப்பில் சேர்ந்தது அவள் இங்கே வருவதற்கு முன்னால், தென்காசியில் வாங்கின பழைய நம்பரில். ஆக இவர்கள் கணக்கில் அவள் நம்ம ஆள் இல்லை. அவளும் பஸ் டிரைவரும் ஒரே பக்கம். கடவுளே, அப்படியே இருக்கட்டும், எங்கம்மாவை ஏமாற்றியிருக்கட்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். வேண்டிக்கொண்ட உடனே நாக்கு கசந்தது. என்ன வேண்டுதல் இது? இவன்கள் என் அம்மாவின் வாயைப் பொத்தியிருக்க வேண்டும் என்றா ஒருத்தி வேண்டிக்கொள்வாள்? ஆனால் வேறு எதை வேண்டுவது, இவன்கள் பொத்தவில்லை என்றால் அம்மா பேசவில்லை என்றல்லவா ஆகும். முன்னால் இருக்கிற லேப்டாப்பில் ஒரு நம்பரைத் தட்டினால் அம்மா அமுக்கினாளா என்று தெரிந்துவிடும். தட்டக் கூடாது. தனி ஆள் ஒருத்தரைத் தேடிப் பார்ப்பது அந்தரங்கத்தில் தலையிடுவது, அன்றைக்கே சீட்டைக் கிழித்துவிடுவார்கள். பார், நியாயத்தைப் பார். லட்சம் அம்மாக்கள் சொன்ன சேதியை ரெண்டரை மணி நேரம் இடுப்பில் முடிந்து வைத்துக்கொள்ளலாம், ஒரு அம்மா சொன்னாளா என்று எட்டிப் பார்ப்பது மட்டும் பாவம். சரியாக ஒன்பதரைக்குத் தட்டில் ஒரு போன் உறுமியது. மெர்லினுடைய பூப்போட்ட உறை கொஞ்சம் நகர்ந்து கொடுத்தது. "யாரோடதுப்பா? சத்தம் வராம வைங்க," என்றான் வத்சன், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். அவளுக்குத் தெரியும். செண்பகத்தக்காவின் வார்த்தை ஒன்பது வருஷம் கழித்து அவளைத் தேடி வந்திருக்கிறது, அவளே எழுதி, அவளே அனுப்பி, அவள் பேருக்கே.

பயம் என்று ஒன்று அதுவரைக்கும் வயிற்றில் இருந்தது. அது அந்த உறுமலோடு எழுந்து, தோளுக்கு ஏறி, கைக்கு வந்தபோது வேறு சாமானாக மாறிவிட்டிருந்தது. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது, இவ்வளவு நிதானமாக ஒரு கோபம் உண்டா என்று. அண்டாவில் சாம்பார் கொதிக்கும்போது அம்மா பேசமாட்டாள், கரண்டியை மட்டும் பார்ப்பாள், அந்த மாதிரி. வத்சன் எழுந்து நின்று, "அப்ப முடிவு பண்ணிடலாம். பாதி எதுக்கு? எல்லாருக்கும். நூத்துக்கு நூறு. யாருக்காவது மாற்றுக் கருத்து?" என்று கேட்டான். மெர்லின் மட்டும், "வத்சன், கொஞ்சம் பாவமா இருக்கு," என்றாள். "பாவம்னா எண்ணுல தெரியும் மெர்லின். யாராச்சும் ஆப்பை அழிச்சுட்டுப் போயிருக்காங்களா? இல்ல. திறக்கறாங்க." அழிப்பார்களா, எப்படி அழிப்பார்கள், அம்மா இருக்கிறாளா என்று தெரிகிற ஒரே ஓட்டையை யார் அடைப்பார்கள். "உலா, உங்க லைன்தான் ஜெயிச்சது. ஸ்விட்சும் உங்க கையால, மணியும் உங்க கையால." அது இன்னொரு வழக்கம். ஒரு சோதனை ஜெயித்தால், ஜெயித்தவர் தன் லேப்டாப்பில் ஸ்விட்ச் பக்கத்தைத் திறந்து அதை எல்லாருக்கும் போட்டுவிட்டு, ஓரமாக இருக்கிற பித்தளை மணியை எடுத்து மூன்று தடவை அடிக்க வேண்டும், எல்லாரும் கைதட்ட வேண்டும், தட்டில் இருக்கிற போனை எடுத்துக்கொண்டு கலைய வேண்டும். எல்லாரும் நாற்காலியைத் திருப்பி டிவியில் அந்த எண் ஏறுவதைப் பார்க்கத் தயாரானார்கள். அவள் பக்கம் ஒருத்தரும் பார்க்கவில்லை.

ஸ்விட்ச் பக்கத்தில் ரெண்டே வரிசை, நூற்றுக்கு எத்தனை வீட்டு விளக்கைப் பிடித்து வைப்பது என்று. மேலே 'மக்கள்', இப்போது ஐம்பதில் நிற்கிறது. கீழே 'நம்ம ஆட்கள்', ஆரம்பித்த நாளிலிருந்து பூஜ்யத்தில் நிற்கிறது. மேலே உள்ளதைத் தள்ளி நூறில் வைக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அவள் மேலே உள்ளதை இழுத்துப் பூஜ்யத்தில் வைத்தாள். கீழே உள்ளதைத் தள்ளி நூறில் வைத்தாள். ஆமாவா என்று திரை கேட்டது. ஆமாம் என்று அமுக்கினாள். "போட்டாச்சா?" "போட்டாச்சு வத்சன்." டிவியில் எண் அசையவில்லை. ஒன்று, ரெண்டு, மூன்று என்று எண்ணுகிற நேரம். அப்புறம் தட்டு உறுமியது. ஒரு போன் இல்லை, எல்லாம் சேர்ந்து; மூங்கில் தட்டு மேஜைமேல் நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர ஆரம்பித்தது. இந்தக் கம்பெனியில் எல்லாரும் தங்கள் அம்மா அப்பாவை ஆப்பில் சேர்த்திருக்க வேண்டும் என்பது சட்டம், யார் வீட்டிலும் அமுக்கி நூற்றைம்பது நிமிஷம் ஆகவில்லை, காலையில் எரிந்துகொண்டிருந்த ஏழு விளக்கும் ஒரே நேரத்தில் அணைந்தன. தௌபீக் கைதான் முதலில் தட்டுக்குப் போனது. படித்தான். "இது டெஸ்ட்டுதான்," என்றான். "டெஸ்ட்டேதான்," என்று வத்சனும் தன் போனைப் பார்த்துச் சிரித்தான், "உலா, வரிசை மாத்திப் போட்டுட்டீங்க போல, எங்கம்மா இன்னும் எழுந்திருக்கலையாம்!" சொல்லிவிட்டு உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் மறுபடி போனைப் பார்த்தான். இன்னும் என்கிற சொல்லைப் பார்த்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. அது வேலை செய்கிற விதம் அவளுக்குத் தெரியாதா. டெஸ்ட் என்று தெரியும், நூற்றைம்பது நிமிஷம் என்று தெரியும், கும்பகோணத்தில் அம்மா ஏழரைக்கே அமுக்கினாள் என்றும் தெரியும். எல்லாம் தெரிந்த மனுஷனின் கால் மேஜைக்குக் கீழே ஆட ஆரம்பித்தது. "ஒரு செகண்ட்," என்று எழுந்து கதவைத் திறந்துகொண்டு போனான். அதற்குள் தௌபீக் வெளியே நின்று, "வாப்பா, எடுங்க வாப்பா, போனை எடுங்க," என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான். மெர்லின் ஓடினாள். மற்றவர்களும் ஒவ்வொருத்தராக, ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல், சும்மா தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி எழுந்து, கதவு வரைக்கும் நடந்து, கதவைத் தாண்டினதும் ஓடினார்கள்.

தட்டில் ஒரே ஒரு போன் மிச்சம். அவள் அதை எடுக்கவில்லை, கொஞ்ச நேரம் எடுக்க முடியவில்லை. குப்புறக் கிடந்ததைக் கடைசியில் ஒரு விரலால் புரட்டினாள். அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அதற்குக் கீழே சின்னதாக நேரம்: காலை ஏழு பன்னிரண்டு. ஏழு பன்னிரண்டுக்கு முப்பிடாதியம்மாள் நல்லாருக்கேன் என்று சொல்லியிருக்கிறாள், இப்போது மணி ஒன்பது முப்பத்தாறு. அவள் அழப் போகிறாள் என்று நினைத்தாள், அழுகை வரவில்லை, பல்லைக் கடித்த கடியில் தாடை வலித்தது. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. "ஏட்டி, மூணு தடவ அடிச்சிருக்க? என்ன, மெட்ராஸ்ல தீயா பிடிச்சிருக்கு? மாடில வத்தல் போட்டுக்கிட்டிருக்கேன்." "ஒண்ணுமில்லம்மா. எந்திரிச்சிட்டியான்னு கேக்கத்தான்." "காலைல கரண்ட் போயி சார்ஜ் ஏறாம கொஞ்சம் லேட்டு. அப்பமே அமுக்கிட்டேனே, ஒனக்கு வரலையா?" "வந்துச்சும்மா." "வந்துச்சுல்லா, பெறவு என்னத்துக்கு உயிர வாங்குத? வையி, காக்கா வருது." வைத்துவிட்டாள். உலகம்மாள் லேப்டாப்பை இழுத்து, வரிகள் இருக்கிற பக்கத்தைத் திறந்து, மூன்றாவது வரியைத் தேடி எடுத்து அழித்தாள், எழுத்து எழுத்தாக, கடைசியிலிருந்து முன்னால், அந்த இன்னும் போகிற வரைக்கும். அப்புறம் சோதனையின் முடிவை எழுதுகிற கட்டத்துக்குப் போனாள். பார்த்த வீடு ஏழு, திறந்தவர் ஏழு, நாற்காலியில் இருந்தவர் யாரும் இல்லை என்று எழுதினாள். 'நம்ம ஆட்கள்' நூறிலேயே நின்றது, அதை அவள் தொடவில்லை. கண்ணாடிக்கு வெளியே வத்சன் ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு மறு காதில் போனை அழுத்தி நின்றான், வெள்ளை ஷூவில் ஒன்றின் கயிறு அவிழ்ந்து கிடந்தது, அவன் வாய் அம்மா அம்மா என்று அசைவது தெரிந்தது. அவள் போனைத் தன் பைக்குள் போட்டாள், எழுந்து ஓரத்துக்குப் போய் அந்தப் பித்தளை மணியைத் தூக்கினாள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஏழு பேருக்கும் கேட்கிற மாதிரி, வழக்கப்படி, மூன்று தடவை அடித்தாள்.